படகுப் பூசையில் கும்பிடாவிட்டால் கடலுக்கு வராதே என்கிறார்கள்: விசுவாசி என்ன செய்வது?

வடகடல்_தம்பி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மண்டபம் பக்கம் வடகடல் ஓரத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. பேர் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் சொல்லவில்லை. விசைப்படகில் கூலிக்குப் போகிறேன். நான் ஞானஸ்நானம் எடுத்தபோது ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குடியை விட்டுவிட்டான், ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிறான், நல்லதுதானே என்றுதான் பேசிக்கொண்டார்கள். இப்போது நிலைமை மாறிவிட்டது.

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14ஆம் தேதியோடு முடிகிறது. படகு இறக்கும்போது அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, எல்லாரும் கும்பிட்டு விபூதி பூசிக்கொண்டுதான் ஏறுவது வழக்கம். போன வருடம் நான் கும்பிடாமல் ஒதுங்கி நின்றேன். அந்தப் பருவத்தில் பாடு, அதாவது மீன் வரத்து, சரியில்லை. டீசல் காசுகூட வராமல் திரும்பிய நாட்கள் உண்டு. இவன் ஒதுங்கி நின்றதால்தான் என்று கூட வருகிறவர்களே பேச ஆரம்பித்தார்கள். இப்போது படகுச் சொந்தக்காரர், எங்கள் சம்மாட்டி, கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "நீ எந்தச் சாமியை வேணும்னாலும் கும்பிடு, நான் கேக்கலை. ஆனா என் படகுக்குப் பூசை போடும்போது எல்லாரோடயும் நின்னு கும்பிட்டு விபூதி வாங்கணும். முடியாதுன்னா வேற படகு பாத்துக்க." அவரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறேன், அது இன்னும் பாக்கி.

இது போதாதென்று ஆடியில் அம்மன் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் நல்லது கெட்டதுக்கு யாரும் வீட்டு வாசல் மிதிக்க மாட்டோம் என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்ததாம். அம்மா அழுதுகொண்டே இருக்கிறாள். "நான் செத்தா யாருடா தூக்குவா? யாருடா கொள்ளி வைப்பா?" இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

பாஸ்டர் உறுதியாக நில் என்கிறார். கூட்டாளி ஒருத்தன், கும்பிடுகிற மாதிரி கையை மட்டும் தூக்கு, மனசுக்குள் ஜெபம் பண்ணிக்கொள், யாருக்குத் தெரியப்போகிறது என்கிறான். எனக்கு நடிக்க வராது. ஊரை விட்டு ஓடவும் மனமில்லை, இது நான் பிறந்த ஊர். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அக்கினிச்சூளை எழுதியது:

ஸ்தோத்திரம் பிரதர். உங்கள் பாஸ்டர் சொன்னதுதான் சரி. சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூன்று பேரிடமும் பாபிலோன் ராஜா கேட்டது என்ன? என் பொற்சிலைக்கு முன்னால் ஒரே ஒரு தடவை தாழ விழு, இல்லாவிட்டால் அக்கினிச்சூளை என்றுதான். மனசுக்குள் கர்த்தரை நினைத்துக்கொண்டு குனிந்திருந்தால் சூளையே தேவைப்பட்டிருக்காது. கையை மட்டும் தூக்கு என்கிற யோசனையைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இன்றைக்குக் கை, நாளைக்கு நெற்றி, அடுத்த வருடம் பழையபடி ஆகிவிடும்.

வரியும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் சூடம் வாங்கினால் அது நீங்கள் ஏற்றிய சூடம். வேலை போனால் கர்த்தர் வேறு வேலை தருவார். "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல், பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்."

வேர்க்கோடு_பெரியவர் எழுதியது:

தம்பி, நான் கத்தோலிக்கன், ராமேஸ்வரம் தீவுக்காரன். முதலில் ஒரு சங்கதி சொல்கிறேன், பொறுமையாகப் படி. உன் ஊரிலிருந்து வேதாளை ரொம்பத் தூரமில்லை. அந்தக் கரையில் 1549இல் ஒரு குரு கொல்லப்பட்டார், பேர் அந்தோனியோ கிரிமினாலி. இத்தாலியில் பார்மா பக்கத்து ஆள், இயேசு சபையில் வேதசாட்சியாக இறந்த முதல் ஆள் அவர்தான். முத்துக்குளித்துறைச் சபைகளைப் பார்த்துக்கொள்ளச் சவேரியார் வைத்துவிட்டுப் போனவர். ஓரியூர் அருளானந்தரைத் தெரிந்த அளவுக்கு இவரை நம் ஆட்களுக்கே தெரியாது, எனக்கு அதில் பெரிய வருத்தம்.

வேதாளையில் அப்போது போர்த்துகீசியர் காவல் போட்டிருந்தார்கள். ராமேஸ்வரத்துக்குப் போகிற யாத்திரிகர்களை மறித்துக் காசு வசூலித்தார்கள். சாமி கும்பிடப் போகிறவனிடம் வழிமறித்துக் காசு பிடுங்கினால் யாருக்குத்தான் கோபம் வராது? வடுகர் படை, அதாவது தெலுங்குப் படை, வந்து இறங்கியது. கரையில் இருந்த கிறிஸ்தவர்கள், பெண்களும் பிள்ளைகளும், படகுகளுக்கு ஓடினார்கள். கிரிமினாலியும் ஏறியிருக்கலாம், ஏறச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் கரையிலேயே நின்று ஒவ்வொருவராக ஏற்றிவிட்டுக்கொண்டே இருந்தார். அங்கேயே ஈட்டியால் குத்திக் கொன்றார்கள்.

இதில் இரண்டு விஷயத்தை நான் பல வருடமாக யோசித்திருக்கிறேன். ஒன்று, அவருடைய தைரியம் எதிரியைப் பார்த்துச் சவால் விட்ட தைரியம் இல்லை, அடுத்தவர் தப்பிக்கத் தான் நின்ற தைரியம். இன்னொன்று, அந்தப் படை வந்ததற்குக் காரணம் சுவிசேஷம் இல்லை. கிறிஸ்தவன் என்று பேர் வைத்துக்கொண்ட ஒரு கூட்டத்தின் பேராசை. பாவம் செய்தது ஒருத்தன், ரத்தம் சிந்தினது இன்னொருத்தர். ஆகவே எதிர்ப்பு வரும்போதெல்லாம் இது கிறிஸ்துவுக்காக வருகிறதா, இல்லை நம் ஆட்கள் செய்த ஏதோ அநியாயத்துக்கு வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பேதுருவே சொல்கிறார், கொலைகாரனாக, திருடனாக, அந்நிய காரியங்களில் தலையிடுகிறவனாகப் பாடுபடாதே என்று. கிறிஸ்தவனாகப் பாடுபட்டால்தான் வெட்கப்படத் தேவையில்லை.

உன் விஷயத்தில் எனக்குப் பட்டது: பூசையில் கும்பிடாதே. அதில் உனக்கும் அக்கினிச்சூளைக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் சம்மாட்டியின் முன்பணத்தை எப்படியாவது அடை. கடன் வைத்துக்கொண்டு கொள்கை பேசினால் உன் கொள்கை அவர் காதில் ஏறாது. அவருக்குக் கேட்பதெல்லாம், காசை வாங்கிக்கொண்டு முரண்டு பிடிக்கிறான் என்பதுதான்.

நவபாஷாணம்_கரை எழுதியது:

நான் இந்து, தேவிபட்டினம். இந்த இழையில் நான் எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தம்பியைக் கட்டாயப்படுத்திக் கும்பிட வைப்பது எனக்கும் சரியாகப் படவில்லை. மனசில்லாமல் போடுகிற கும்பிடு அம்மனுக்கு எதற்கு?

ஆனால் எங்கள் பக்கம் என்ன வலிக்கிறது என்றும் கேளுங்கள். எங்கள் ஊருக்கு வெளியூரிலிருந்து வேனில் ஒரு கூட்டம் வந்தது. காப்புக் கட்டியிருக்கிற வாரம், கோயிலுக்கு எதிரே மைக் போட்டு, நீங்கள் கும்பிடுவது பேய் என்றார்கள். எண்பது வயதுக் கிழவி ஒருத்தி, வாழ்நாள் எல்லாம் விரதம் இருந்தவள், கேட்டுக்கொண்டு நிற்கிறாள். அவர்கள் பேசிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டார்கள். அதற்கு அப்புறம் ஊரில் உள்ள ரெண்டு கிறிஸ்தவக் குடும்பத்தின் மேல்தான் கோபம் திரும்பியது. அவர்கள் பாவம், அந்தக் கூட்டம் யாரென்றுகூட அவர்களுக்குத் தெரியாது. பெரியவர் சொன்ன வேதாளைக் கதையைப் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

தலைக்கட்டு வரியைப் பற்றி: அது முழுக்கப் பூசைக்கு என்று நினைக்காதீர்கள். பல ஊர்களில் அந்தப் பொதுக் காசில்தான் குடிதண்ணீர்க் குழாய் சரிசெய்வது, சுடுகாட்டுப் பாதை போடுவது, கடலில் ஆள் காணாமல் போனால் தேடப் படகு அனுப்புவதற்கு டீசல் எல்லாம் நடக்கிறது. அதைக் கொடுக்க மாட்டேன் என்றால் ஊர் கேட்கும், நாளைக்கு நீ கடலில் தொலைந்தால் யார் தேடுவது என்று. அந்தக் கேள்வியில் மதம் இல்லை.

இன்னொன்று. ஓரியூருக்கு எங்கள் வீட்டிலிருந்தும் போவோம், அந்தச் சிவப்பு மண்ணை எடுத்து வந்து வைத்திருக்கிறோம். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு எங்கள் ஆட்களும் போவார்கள். கிறிஸ்தவன் என்பதாலேயே யாரையும் வெறுக்கிற கரை இல்லை இது.

அக்கினிச்சூளை எழுதியது:

நவபாஷாணம் ஐயா, வேனில் வந்து திட்டிவிட்டுப் போனது தப்பு. நான் அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். இயேசு ஒருவரே இரட்சகர் என்று நாங்கள் நம்புகிறோம். அதை எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் சிலருக்கு வலிக்கத்தான் செய்யும். வலிக்கும் என்பதற்காகச் சொல்லாமலே இருக்க எங்களால் முடியாது. பேதுருவையும் யோவானையும் பேசாதே என்று மிரட்டியபோது, கண்டதையும் கேட்டதையும் பேசாமலிருக்கக் கூடாதே என்றார்கள். ஓரியூருக்கு வந்து மண் எடுக்கிறீர்கள், சந்தோஷம், ஆனால் அருளானந்தர் செத்தது எதற்காக என்பதையும் மறக்கக் கூடாது அல்லவா?

வேர்க்கோடு_பெரியவர் எழுதியது:

அக்கினிச்சூளை கேட்டது நியாயமான கேள்வி. அருளானந்தர், ஜான் டி பிரிட்டோ, 1647இல் லிஸ்பனில் பிறந்தவர், அரண்மனையில் வளர்ந்தவர். காவி கட்டி, மரக்கறி மட்டும் சாப்பிட்டு, பண்டாரசாமி மாதிரி மறவர் நாட்டில் நடந்தவர். 1686இல் பிடித்து அடித்தார்கள். ராமநாதபுரம் ராஜா சேதுபதி விசாரித்துவிட்டு, இந்த நாட்டில் இனிப் போதிக்காதே என்று விட்டுவிட்டார். அதற்கு அப்புறம் அவர் ஐரோப்பாவுக்குப் போனார். போர்த்துகல் ராஜா அங்கேயே இருக்கச் சொன்னார். இருந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். திரும்பி இதே நாட்டுக்குத்தான் வந்தார்.

தடியத்தேவர் என்கிற இளவரசர் ஞானஸ்நானம் கேட்டார், அவருக்குப் பல மனைவிகள். ஒரே மனைவியோடு வாழ வேண்டும் என்பதில் அருளானந்தர் விட்டுக்கொடுக்கவில்லை. விலக்கப்பட்ட ஒருத்தி கிழவன் சேதுபதிக்கு உறவு, அவள் முறையிட்டாள். ராமநாதபுரத்தில் வைத்துக் கொன்றால் கலகம் வரும் என்று ஓரியூருக்குத் தன் தம்பியிடம் அனுப்பினார் ராஜா. 1693 பிப்ரவரி 4, அங்கே தலை வெட்டப்பட்டது. முந்தின நாள் சிறையிலிருந்து எழுதிய கடிதம் இருக்கிறது, கொன்றவர்களைப் பற்றி ஒரு வசவு அதில் கிடையாது.

ஆக அவர் பேசாமலும் இல்லை, திட்டவும் இல்லை. இளவரசரிடம் சொல்ல வேண்டிய கஷ்டமான சொல்லை இளவரசரின் முகத்துக்கு நேரே, அவரே கேட்டு வந்தபோது சொன்னார். உயிர் போனது தன்னுடையது. வேனில் வந்து போகிறவர்களுக்கு எதுவும் போவதில்லை, உள்ளூர்க்காரனுக்குத்தான் போகிறது. நான் பார்க்கிற வித்தியாசம் இதுதான்.

பெரியபட்டினம்_காக்கா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லாருக்கும். சின்னதாக ஒன்று. எங்கள் பக்கம் படகில் முஸ்லிம் ஆளும் உண்டு, இந்து சம்மாட்டியும் உண்டு. பூசை போடும்போது நம்ம ஆள் பின்பக்கம் கயிறு சுருட்டிக்கொண்டு இருப்பான், பூசை முடிந்ததும் பிஸ்மி சொல்லிவிட்டு ஏறுவான். யாரும் பாடு கெட்டுவிட்டது என்று சொன்னதில்லை. தம்பி, உங்கள் சம்மாட்டியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். துலுக்கப் பையன் ஒதுங்கி நின்றால் கெடாத பாடு நான் நின்றால் மட்டும் எப்படிக் கெடும் என்று. சண்டையாகக் கேட்காதீர்கள், டீக்கடையில் வைத்துக் கேட்கிற மாதிரி கேளுங்கள். அவருக்கு உண்மையான கஷ்டம் பூசை இல்லை, அவர் ஆள் அவர் பேச்சைக் கேட்காமல் மாறிப்போனதுதான் என்று எனக்குப் படுகிறது.

கோர்ட்டு_வாசல் எழுதியது:

சட்டம் பற்றி யாரும் சொல்லவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தையும், மதத்தை ஏற்று, நடந்து, பரப்பும் உரிமையையும் தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் இவற்றுக்கு உட்பட்டு. ஆனால் பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004இல் விலக்கிக்கொண்டார்கள். ஆக நீ ஞானஸ்நானம் எடுத்ததில் எந்தக் குற்றமும் இல்லை.

யாராவது ஆராதனையைக் கலைத்தால் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 300, கல்லறையில் அத்துமீறினால் 301. பழைய சட்டத்தில் இவை 296, 297. ஊரை விட்டு ஒதுக்கினால், தண்ணீர் பிடிக்க விடாவிட்டால், முதலில் எழுத்தில் மனு: கோட்டாட்சியர், காவல் நிலையம், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள். மனு கொடுத்த ரசீதை வாங்கி வை. வாய்ப்பேச்சு எதற்கும் நிற்காது.

சம்மாட்டி விஷயம் வேறு. அது கூலி வேலை, எழுத்தில் ஒன்றும் இருக்காது. அவர் வேலைக்குக் கூப்பிடாமல் விடுவதைத் தடுக்கவும், கட்டாயம் கூப்பிடு என்று உத்தரவு வாங்கவும் நடைமுறையில் கஷ்டம். அங்கே பெரியவரும் காக்காவும் சொன்ன வழிதான்.

வழக்குப் போடுவது விசுவாசக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். பவுலைப் பிலிப்பியில் விசாரிக்காமல் அடித்து உள்ளே போட்டார்கள். மறுநாள் ரகசியமாகப் போய்விடு என்றபோது, நாங்கள் ரோமக் குடிமக்கள், அதிகாரிகளே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்றார் அவர். தனக்காக மட்டும் கேட்கவில்லை, அந்த ஊரில் தான் விட்டுப்போகிற புதுச் சபைக்காகவும் கேட்டார் என்றுதான் நான் படிக்கிறேன்.

பாசி_அக்கா எழுதியது:

ஆம்பளைகள் எல்லாரும் படகையும் ராஜாவையும் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு எதிர்ப்பு வீட்டுக்குள்ளே இருந்தது. நான் தென்கடல் பக்கம் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கப் போகிறவள். இடுப்பளவு, கழுத்தளவுத் தண்ணீரில் முங்கிப் பாறையில் சுரண்டி எடுக்கிற வேலை, விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் செய்ய வேண்டும். வீட்டில் நான் மட்டும்தான் விசுவாசி. பைபிளை அடுப்பில் போட்டார் வீட்டுக்காரர். சபைக்குப் போய் வந்தால் அடி.

அப்போது சபையில் ஒரு அம்மா, பொறுத்துக்கொள், உன் நடக்கையைப் பார்த்து அவர் மாறுவார் என்று பேதுரு நிருபத்தைக் காட்டினார்கள். நான் நடக்கையைக் காட்டினேன், பொய் சொல்லவில்லை, பாசி விற்ற காசை ஒளித்து வைக்கவில்லை, அவர் அம்மாவுக்கு முடியாமல் கிடந்தபோது மலம் மூத்திரம் அள்ளினேன். அதெல்லாம் என் விசுவாசம், யார் சொல்லியும் செய்யவில்லை. ஆனால் அடி வாங்குவது விசுவாசம் இல்லை. அதை எனக்கு எடுத்துச் சொன்னது வேறொரு அக்கா, அவர்கள் கிறிஸ்தவர்கூடக் கிடையாது, எங்களோடு பாசிக்கு வருகிறவர்கள். பெண்கள் உதவி எண் 181க்குப் போன் போடு என்று அவர்கள்தான் போனைக் கையில் கொடுத்தார்கள். ஆள் வந்து எச்சரித்துவிட்டுப் போனார்கள். அடி நின்றது.

இன்றைக்கும் அவர் சபைக்கு வரவில்லை. நான் போகிறதைத் தடுப்பதும் இல்லை. இதை இங்கே எழுதக் காரணம், துன்பம் சகிப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எந்தத் துன்பத்தைச் சகிக்கச் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்லுங்கள். என்னை மாதிரி ஆட்கள் வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

தம்பி, உன் அம்மா அழுவதைக் கேட்டு எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. அந்த அழுகை உன் சாமியின் மேல் உள்ள கோபம் இல்லை, பயம். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் ஊருக்குப் பதில் சொல்.

வடகடல்_தம்பி எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதை நேற்று ராத்திரி மூன்று பேர் உட்கார்ந்து படித்தோம். அம்மாவிடம் பேசினேன். கடைசி வரைக்கும் நான் பக்கத்தில் இருப்பேன், உன்னைத் தூக்கிக்கொண்டு போகிற நாலு தோளில் என் தோள் முதல் தோள் என்றேன். கொள்ளியைப் பற்றிக் கேட்டாள். அவள் நம்பிக்கைப்படி நடக்க வேண்டியதைச் சித்தப்பா மகன் செய்யட்டும், நான் கூடவே நிற்பேன், செலவு என்னுடையது என்றேன். அழுகை நின்றது என்று சொல்ல மாட்டேன், ஆனால் சாப்பிட்டாள்.

வரி விஷயத்தில்தான் குழப்பம். அக்கினிச்சூளை அண்ணன் ஒரு ரூபாய் கூடாது என்கிறார், நவபாஷாணம் அண்ணன் சொல்வதும் உண்மை, எங்கள் ஊரில் தேடுதலுக்கு டீசல் அந்தக் காசில்தான் போடுகிறார்கள்.

திருவாடானை_வெயில் எழுதியது:

எங்கள் தெரு கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பட்டியல் சாதி. நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று சான்றிதழில் எழுதியதும் பட்டியல் சாதி உரிமை போய்விட்டது. 1950ஆம் வருட ஜனாதிபதி உத்தரவு அப்படி, பின்னால் 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், எங்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் எங்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் என்று கிடைக்கிறது, ஆனால் தெருவில் எங்களை நடத்துகிற விதத்தில் எந்த மாற்றமும் இல்லை. அண்ணன் மகன் காகிதத்தில் இந்து என்றே வைத்திருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வந்து உட்காருகிறான். அவனைக் கோழை என்று பேச எனக்கு வாய் வரவில்லை. என் பிள்ளைகளுக்கு நான் உள்ளதை எழுதினேன், அதன் விலை அவர்களுக்கும் தெரியும்.

இதை எழுதக் காரணம் வேறு. எதிர்ப்பு என்றால் எப்போதும் வெளியிலிருந்து வருவதாகவே பேசுகிறோம். எங்களுக்கு முதல் எதிர்ப்பு சபைக்குள்ளே. கல்லறையில் நடுவே சுவர் இருக்கிற ஊர் உண்டு. திருவிழாச் சப்பரம் எங்கள் தெருவுக்குள் திரும்பாத ஊர் உண்டு. அதை எதிர்த்துக் கோயில் கமிட்டியில் எழுந்து பேசியபோது எனக்கு வேர்த்த மாதிரி போலீஸ் ஸ்டேஷனில்கூட வேர்த்ததில்லை. ஊர்க்காரன் திட்டினால் பாடுகள் என்று சாட்சி சொல்லலாம், கைதட்டுவார்கள். கமிட்டியை எதிர்த்தால் குழப்பம் பண்ணுகிறவன் என்றுதான் பேர். அருளானந்தர் பேரில் கொடி ஏற்றுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பெரியவரே, உங்களைச் சொல்லவில்லை.

வேர்க்கோடு_பெரியவர் எழுதியது:

என்னையும் சேர்த்துச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். உண்மைதான்.

அக்கினிச்சூளை எழுதியது:

வெயில் அண்ணன் எழுதியதற்கு ஆமென். எங்கள் பெந்தெகொஸ்தே சபைகளில் சாதி இல்லை என்கிறோம், கல்யாணம் பேசும்போது வந்துவிடுகிறது.

தம்பி, வரியைப் பற்றி. பைபிளில் வருகிற சீரியா படைத்தலைவன் நாகமான் கதையை யாராவது சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன், யாரும் சொல்லாததால் நானே சொல்கிறேன். அவன் குஷ்டம் நீங்கி, இனி கர்த்தரைத் தவிர யாருக்கும் பலியிட மாட்டேன் என்றான். ஆனால் என் ராஜா என் கையில் சாய்ந்துகொண்டு ரிம்மோன் என்கிற அவர்கள் தெய்வத்தின் கோவிலுக்குள் போகும்போது நானும் குனிய வேண்டியிருக்கும், அதை மட்டும் மன்னிப்பாராக என்றான். எலிசா, சமாதானத்தோடே போ என்றார். இதை வைத்துப் பூசையில் குனியலாம் என்று நான் சொல்லவில்லை. நாகமான் எதையும் மறைக்கவில்லை, யாரைக் கும்பிடுகிறேன் என்று முதலிலேயே வெளியே சொல்லிவிட்டான். உன் கூட்டாளி சொன்ன நடிப்பு அது இல்லை. ஊருக்கான காசைப் பொறுத்தவரை உன் மனச்சாட்சி தெளிவாக இருந்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். பூசைக்கான காசு மட்டும் கூடாது. என் கருத்து அதில் மாறாது.

நவபாஷாணம்_கரை எழுதியது:

அப்படியானால் கமிட்டியிடம் கணக்கைப் பிரித்துக் கேட்கலாமே. எங்கள் ஊரில் அந்த ரெண்டு குடும்பமும் அப்படித்தான் செய்கிறார்கள். பூசைச் செலவுக்குத் தருவதில்லை. தண்ணீர், பாதை, தேடுதல் இவற்றுக்குப் பொதுக் காசு தருகிறார்கள், அதுவும் தலைக்கட்டுக்கு வருவதைவிடக் கொஞ்சம் கூடவே. முதலில் முணுமுணுத்தார்கள். நோட்டில் தனிப் பக்கம் போட்டு எழுதிக்கொள்கிறார்கள், இப்போது யாரும் பேசுவதில்லை. திருவிழா அன்று வருகிறவர்களுக்கு மோர்ப் பந்தல் போடுகிறார்கள், அதை நாங்கள் கேட்கவே இல்லை.

வடகடல்_தம்பி எழுதியது:

இது எனக்குச் சரியாகப் படுகிறது. தேடுதல் டீசலுக்கு என்று தனியாகக் கொடுக்கிறேன் என்று ஊர்த் தலைவரிடம் சொல்லப்போகிறேன். சம்மாட்டியிடமும் பேசினேன், காக்கா சொன்ன மாதிரி டீக்கடையில் வைத்துத்தான். முன்பணத்தில் பாதியை என் சொந்த அக்கா வளையலை அடகு வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பூசைக்கு முன்னால் ஐஸ் ஏற்றுகிற வேலை, வலை அடுக்குகிற வேலை எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், பூசை நேரத்தில் பின்பக்கம் நிற்கிறேன் என்றேன். "பாப்போம்" என்றார். முடியாது என்று சொல்லவில்லை. அவர் வேண்டாம் என்றால் பாம்பனில் நாட்டுப்படகில் ஆள் கேட்கிறார்கள், கூலி கம்மி, ஆனால் போவேன். கும்பிட மட்டும் மாட்டேன்.

கோர்ட்டு_வாசல் எழுதியது:

நல்லது. தலைவரிடம் வாயால் சொல்வதோடு ஒரு தாளிலும் எழுதிக் கொடு. என்ன செலவுக்கு எவ்வளவு என்று தொகையோடு எழுதி, ஊர்ப் பொதுவேலை எதற்குக் கூப்பிட்டாலும் வருவேன் என்றும் சேர்த்துவிடு. தேதி போட்டு, ஒரு நகலில் அவர் கையெழுத்தை வாங்கி வீட்டில் வை. கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பு. மனுவெல்லாம் இப்போது வேண்டாம். மீதி முன்பணத்தை எப்போது அடைக்கிறாய் என்பதையும் சம்மாட்டியிடம் தேதியாகச் சொல்லிவிடு.

பாசி_அக்கா எழுதியது:

அடகு வைத்த வளையலை முதலில் திருப்பு தம்பி. அக்கா கேட்க மாட்டாள், நீயாகத் திருப்பு.